வாய்மொழித் தேர்வுக்குக் குடும்பத்தோடு வரவும்

ஜமால் முகமதுவுக்கு எதையும் சின்னதாகச் செய்யத் தெரியாது. ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்ட் வைத்திருக்கும் மனுஷன், கோட்டைப்பட்டினத்து வீட்டுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கியதற்குத் தெருவைக் கூப்பிட்டு நெய்ச்சோறு போட்டவர். ஐஸ்காரன் வீட்டில் ஐஸ் பெட்டி வந்ததற்கு விருந்தா என்று ஊர் சிரித்தது. சிரித்துக்கொண்டே வந்து சாப்பிட்டுவிட்டும் போனது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். நாலு பேர் வந்து போகாத காரியம் காரியமே இல்லை என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவர் கையில் போய் மாட்டியது பல்கலைக்கழகத்துச் சுற்றறிக்கை.

மகள் மிஸ்பா இயற்பியலில் டாக்டர் பட்டத்துக்கு ஆறு வருஷம் படித்து ஆய்வேட்டையும் கொடுத்துவிட்டாள். பாக்கி இருந்தது வாய்மொழித் தேர்வு ஒன்றுதான். அவள் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை ஹுமா பிறந்து நாற்பது நாள் முடியவில்லை. நாற்பது முடியாத பச்சை உடம்புக்காரியைத் திருச்சி வரைக்கும் பஸ்ஸில் அனுப்ப முடியாது என்று அம்மா ஜன்னத் பீவி ஒற்றைக் காலில் நின்றாள். பல்கலைக்கழகமும் பெரிய மனது பண்ணி, இணையத்திலேயே தேர்வு நடத்தலாம் என்று ஒரு சனிக்கிழமையைக் குறித்து, லிங்க்கோடு சுற்றறிக்கை அனுப்பியது. அதை மிஸ்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். போட்டிருக்கக் கூடாது.

சுற்றறிக்கையின் கடைசி வரி இப்படி இருந்தது: ‘ஆர்வமுள்ள ஆசிரியர்கள், மாணவர்கள், பொதுமக்கள் அனைவரும் கலந்துகொண்டு கேள்விகள் கேட்கலாம்.’ எல்லாச் சுற்றறிக்கையிலும் இருக்கிற வரிதான். அதை நம்பி யாரும் வருவதில்லை. டீக்கும் சமோசாவுக்கும் ஆசைப்பட்டு அடுத்த அறை ஆராய்ச்சி மாணவர்கள் ரெண்டு பேர் வந்து உட்கார்ந்தால் உண்டு. ஜமால் முகமதுவுக்கு அந்த வழக்கம் எப்படித் தெரியும்? ‘பொதுமக்கள் அனைவரும்’ என்பதை அவர் மூன்று தடவை படித்தார். அழைப்பு வந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவன் நான், நான் கூப்பிடாமல் யார் கூப்பிடுவது என்று பைக்கை எடுத்துக்கொண்டு அறந்தாங்கி அச்சகத்துக்குப் போனார்.

“நிக்காஹ் கார்டா பாய், சுன்னத்து கார்டா?” என்று கேட்டான் அச்சகத்துக்காரன்.

“தேர்வு கார்டு.”

அவன் முப்பது வருஷத் தொழிலில் அப்படி ஒன்றை அடித்ததில்லை. இருந்தாலும் தொழில் தெரிந்தவன், நிக்காஹ் கார்டையே எடுத்து நடுவில் வார்த்தையை மட்டும் மாற்றினான். ‘இன்ஷா அல்லாஹ், எங்கள் அன்பு மகள் மிஸ்பாவின் டாக்டர் பட்ட வாய்மொழித் தேர்வு ஜெகதாப்பட்டினம் எங்கள் ஐஸ் பிளாண்டில் நடைபெற இருப்பதால், தாங்கள் குடும்பத்தோடு வந்திருந்து துஆச் செய்யுமாறு அன்புடன் அழைக்கிறோம். லுஹர் தொழுகைக்குப் பிறகு சஹன் சாப்பாடு.’ ஓரத்தில், வர முடியாதவர்களுக்காக, போனில் பிடித்தால் தேர்வுக்குள் போகிற க்யூஆர் கட்டமும் அச்சாகியிருந்தது. ரோஜாப்பூ போட்ட கார்டு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

ஐஸ் பிளாண்டைத் தேர்ந்தெடுத்ததில் மட்டும் ஒரு நியாயம் உண்டு. வீட்டில் கரண்டும் நிற்காது, நெட்டும் நிற்காது. பிளாண்டில் ஜெனரேட்டர் இருக்கிறது, நல்ல கேபிள் இணைப்பு இருக்கிறது. பக்கத்து ஊருக்குக் காரில் போய் வருவதுதானே என்று ஜன்னத் பீவியும் விட்டுவிட்டாள். மீன்பிடித் தடைக்காலம் ஆனதால் விசைப்படகுகளெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. கம்ப்ரஸர் ஓடாது, ஐஸ் உடைக்கிற சத்தம் இருக்காது. படகுக்காரர்கள் எல்லோரும் வேலையில்லாமல் சும்மா இருக்கிறார்கள் என்பதும் ஜமாலுக்கு ஒரு வசதியாகப் பட்டது.

மிஸ்பாவுக்கு விஷயம் தெரிந்தது தேர்வுக்கு முந்தின நாள், தங்கமுத்து வழியாக. மூன்று படகு வைத்திருக்கும் தங்கமுத்து ஜமாலின் பால்ய சிநேகிதர். வடகாட்டுப் பலாப்பழம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வாசலில் வந்து நின்றார்.

“பத்திரிகை வச்சாரு ஒங்க அத்தா. வெறுங்கையோட எப்புடி வாரதுன்னு பழத்தோட வந்துட்டேன் தாயி. நாளைக்கு நல்லா சொல்லணும், என்ன?”

“பத்திரிகையா?” என்றாள் மிஸ்பா.

அடுத்த அரைமணி நேரம் அந்த வீட்டில் நடந்ததை விவரிக்க வேண்டாம். தூளியில் கிடந்த குழந்தை விழித்துக்கொண்டது என்று மட்டும் சொன்னால் போதும்.

“அத்தா, அது எல்லா சர்குலர்லயும் சும்மா போடுற வரி!”

“சும்மா போட்டாலும் அழைப்பு அழைப்புதானேம்மா. நம்ம கூப்புடாட்டி நாளைக்கு நம்மளத்தான குறை சொல்லுவாங்க.”

“வரப்போற எக்ஸாமினரு ரகுநாத் சாரு ரொம்பக் கண்டிப்பானவரு. பாம்பேலேருந்து பேசுவாரு. நாளைக்கு மத்தியானமே வெளிநாடு கிளம்புறாரு, திரும்பி வர ரெண்டு மாசமாகும். நாளைக்கு முடியலைன்னா எனக்குக் கெடச்சிருக்கிற ஜெர்மனி வேலை போச்சு. இந்த மாசத்துக்குள்ள பட்டம் வேணும்னு அவங்க எழுத்துல சொல்லிட்டாங்க. இதுல நீங்க ஊரைக் கூட்டி வச்சா நான் எப்புடிப் பேசுவேன்?” அவள் குரல் இறங்கியது. “அதவிட, நீங்க எல்லார்கிட்டயும் எம்மக என்னமோ கண்டுபுடிச்சுட்டான்னு சொல்லி வச்சிருக்கீங்க. நான் ஒண்ணும் கண்டுபுடிக்கல அத்தா.”

ஜமாலுக்குப் பகீரென்றது. ஆறு வருஷம் கண் முழித்துப் படித்த பிள்ளை.

“அப்ப என்னதாம்மா செஞ்ச?” என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். இத்தனை வருஷத்தில் அதைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மிஸ்பா அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் கொஞ்சம் இறங்கியது. தங்கமுத்து இறக்கி வைத்திருந்த பலாப்பழத்தை இழுத்து நடுவில் வைத்தாள்.

“இதுதான் பூமின்னு வச்சுக்கங்க. தோலைச் சுத்தி காத்து. வானத்துலேருந்து கதிரு வந்து எந்நேரமும் அந்தக் காத்துல மோதுது. மோதுற எடத்துல நியூட்ரினோன்னு ஒண்ணு பொறக்குது. பூமியைச் சுத்தி எல்லாப் பக்கமும் பொறக்குது. நம்ம கருவி இந்தா, இந்தக் காம்புகிட்ட, தென் துருவத்து ஐஸுக்குள்ள ஆழத்துல இருக்கு. காம்புக்கு மேல பொறந்தது ஒடனே வந்து சேந்துரும். அங்கிட்டு, பழத்தோட அடியில பொறந்தது பழத்தையே துளைச்சுக்கிட்டு வரணும்.”

“உள்ள சடை இருக்கு, சுளை இருக்கு, கொட்டை இருக்கு. மாட்டிக்கிறாதா?” என்றார் தங்கமுத்து.

“அதுக்குப் பாறையும் ஒண்ணுதான், காத்தும் ஒண்ணுதான் மாமா. எதுலயும் மாட்டாது. எப்பவாச்சும் ஒண்ணு ஐஸுல மோதி மினுக்குன்னு வெளிச்சம் காட்டும். அதை வச்சுத்தான் எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சுன்னு பாக்குறோம்.”

“அப்ப மேலேருந்தும் கீழேருந்தும் ஒரே அளவு வரணும்ல?” என்றார் ஜமால்.

“வரணும். வரல. அதுல மூணு வகை இருக்கு. மியூவான்ங்கிற வகை மேலேருந்து குறையாம வருது. கீழேருந்து வாரதுல ஏறக்குறைய பாதியைக் காணோம்.”

“களவு போச்சா?”

மிஸ்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “களவு போகல. மாறிப்போச்சு. ஒவ்வொரு வகையும் மூணு எடையோட கலவை. தூரம் போகப் போக அந்தக் கலவை மாறிக்கிட்டே வரும். மியூவானா பொறப்பட்டது, டாவ்னு இன்னொரு வகையா வந்து நிக்கும். மேலேருந்து வாரதுக்கு மாற நேரமில்ல, பூமியைத் தாண்டி வாரதுக்கு நேரம் இருக்கு. அப்புடி மாறுதுன்னாலே அதுக்கு எடை இருக்குன்னு அர்த்தம். எடையே இல்லைன்னு நெனச்சுக்கிட்டிருந்தாங்க.”

“அடேயப்பா! இதையா கண்டுபுடிச்ச?”

“இல்ல அத்தா, இது நான் தூளியில கெடந்தப்பவே கண்டுபுடிச்சாச்சு. அந்தக் கலவையில மியூவானுக்கும் டாவுக்கும் பங்கு சரிபாதியா, இல்ல பாதிக்குக் கொஞ்சம் கூடவா, கொறச்சலா? அதைத்தான் நான் ஆறு வருஷமா பாத்தேன்.”

“எதும்மா?”

“தெரியல.”

ஜமால் தங்கமுத்துவைப் பார்த்தார். தங்கமுத்து பலாப்பழத்தைப் பார்த்தார். ஊர் முழுக்கக் கார்டு கொடுத்தாகிவிட்டது. தெரியல என்று சொல்வதற்கா இத்தனை பேரைக் கூப்பிட்டோம் என்று நினைத்தார் ஜமால். அதை மகளிடம் காட்டிக்கொள்ளக் கூடாதே.

“சரி விடு. சாப்பாடு நல்லாருந்தா எல்லாம் சரியாப் போயிரும்” என்றார்.

மறுநாள் காலையில் ஐஸ் பிளாண்ட் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலில் வாழைமரம் ஒன்றுதான் இல்லை. மே மாத வெயில் மண்டையைப் பிளந்தது என்றாலும் உள்ளே குளுகுளுவென்றிருந்தது. அதற்கென்றே முந்தின நாள் ஐஸ் போட வைத்து, பார் பாராகத் தொட்டிகளில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஃபேனை வைத்திருந்தார் ஜமால். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், ஜமாஅத்துக்காரர்கள், படகுக்காரர்கள், வலை பின்னுகிறவர்கள். தங்கமுத்து குடும்பத்தில் ஒருத்தர் பாக்கியில்லை. பின்கட்டில் தம் போட்ட பிரியாணி. முன்னால் ஒரு மேஜை, அதில் மடிக்கணினி, அதன் முன்னால் தலையில் முக்காட்டைச் சரிசெய்தபடி மிஸ்பா. பக்கத்தில் அவள் புருஷன் முகமது அஸ்வர், சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன், வயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். குழந்தையை ஜன்னத் பீவி ஐஸ் காற்று படாத மூலையில் மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

திருச்சியிலிருந்து வழிகாட்டிப் பேராசிரியை சொர்ணவல்லி திரையில் தோன்றினார். வணக்கம் சொன்னார். அவ்வளவுதான். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்துக் கார்டில் இருந்த கட்டத்தைப் பிடித்தார்கள். கார்டு வைக்கும்போது ஜமால்தான் வீடு வீடாகச் சொல்லியிருந்தார்: “லிங்க்கைத் தொறந்துருங்க, அப்பத்தான் வந்ததா கணக்கு.”

கூடத்தில் ஓர் ஊளை கிளம்பியது. ஒரு போனில் போன சத்தம் இன்னொரு போனில் வந்து, அது மூன்றாவதில் போய், கரையிலிருந்த நாய்கள் பதிலுக்குக் கத்தின. குழந்தை அலறியது. சொர்ணவல்லி அம்மா காதைப் பொத்திக்கொண்டார். பிறகு அவர் ஜமாலின் நம்பருக்கே போன் பண்ணினார்.

“ஐயா, ரூம் ஃபுல்லாயிருச்சு” என்றார்.

“ஃபுல்லா? அல்ஹம்துலில்லாஹ்!” என்றார் ஜமால், நெஞ்சு நிமிர.

“ஐயோ, அதில்லைங்க ஐயா. நூறு பேருக்கு மேல உள்ள வர முடியாது. எக்ஸாமினர் ரகுநாத் சார் வெளிய நிக்கிறார். அவர் உள்ள வந்தாத்தான் தேர்வே. நான் ஒருத்தரை வெளியேத்தினா ரெண்டு பேர் நுழையறாங்க. லிங்க்கை மாத்தணும்னா ஆபீஸ்ல மறுபடி அனுமதி வாங்கணும், இன்னைக்கு சனிக்கிழமை. அவர் இன்னும் கொஞ்ச நேரத்துல ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியாகணும். என்ன பண்றதுன்னே தெரியல.”

ஜமால் திரும்பி மகளைப் பார்த்தார். மிஸ்பா கோபப்படவில்லை. கண் நிறைய நீரோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று மாதிரி கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஆறு வருஷத்துப் படிப்பை என் வாயாலேயே கெடுத்தேனே அல்லாஹ் என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது.

மைக்கைப் பிடித்தார். “எல்லாரும் செல்லை அமத்துங்க! ஒருத்தர் பாக்கியில்லாம அமத்துங்க!”

அமர்த்தினார்கள். ஊளை நின்றது. அஸ்வர் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

“மாமா, இன்னும் நூறுதான் காட்டுது. இங்கிட்டு எறங்கினா அங்கிட்டு ஏறிர்றாங்க. எல்லாம் சபராளிங்க. குவைத்து, துபாய், தோஹா, சிங்கப்பூரு.”

வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர்களைத்தான் அந்தப் பக்கம் சபராளி என்பார்கள். சபராளி இல்லாத வீடு அங்கே இல்லை. கார்டைப் படம் பிடித்து அத்தனை பேருக்கும் அனுப்பியது யார் என்று அஸ்வர் கேட்கவில்லை. மாமனார் முகத்திலேயே பதில் இருந்தது. கூப்பிட்டவர்களை எப்படிப் போகச் சொல்வது? லீவு நாளில் தூக்கத்தை விட்டு எழுந்து, குளித்து, சட்டை மாற்றி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பந்தலுக்கு வந்தவனை வாசலோடு அனுப்பியதாக ஜமால் முகமதுவின் பரம்பரையிலேயே கிடையாது. அனுப்பாவிட்டாலோ மகள் வாழ்க்கை.

குவைத்தில் இருக்கிற தம்பி ரிஃபாய்க்குப் போன் போட்டார். ரிஃபாய் இருபது வயதில் போனவன், இப்போது தாடி நரைத்துவிட்டது.

“அண்ணே! நம்ம ரூமுல பன்னெண்டு பேரும் உள்ள வந்துட்டோம்ணே! ஆளுக்கு ஒரு போனு!” என்றான் பெருமையாக.

ஜமால் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துப் பின்கட்டிலிருந்து சமையல்காரர் தலையை நீட்டி, “பாய், எத்தன சஹன் போட?” என்று கேட்டார்.

கோட்டைப்பட்டினத்து விருந்தில் தனித்தனி இலை கிடையாது. சஹன் என்கிற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஜமால் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிற கணக்கு அது.

“ஆளை நாலால வகுத்துக்க—” என்று ஆரம்பித்தவர் நின்றார். அவர் முகம் மாறியது.

“ரிஃபாயி! சஹன் கணக்குடா! ஒரு போனுக்கு நாலு பேரு! பன்னெண்டு பேரும் மூணு போனுல உக்காருங்க. துபாய்க்குச் சொல்லு, தோஹாவுக்குச் சொல்லு, சிங்கப்பூருக்குச் சொல்லு. யாரும் போவேணாம், சேந்து உக்காந்தாப் போதும்!”

அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பிறந்ததிலிருந்து சஹனில் சாப்பிட்ட ஜனம். ரிஃபாய் குரல் பதிவு போட்டான், அது அறை அறையாகப் பறந்தது. குவைத்திலும் தோஹாவிலும் கட்டிலை விட்டு இறங்கி நாலு நாலு பேராகத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். திரையில் எண் நூறிலிருந்து இறங்கத் தொடங்கியது. எண்பது. அறுபது. அஸ்வர் ஒவ்வொன்றாகக் கத்திச் சொன்னான். நாற்பதுக்குப் பக்கத்தில் எண் நின்றபோது, கண்ணாடி போட்ட ஒரு முகம் திரையில் வந்து, “குட் மார்னிங், ரகுநாத் ஹியர்” என்றது.

கூடம் கைதட்டியது. தேர்வு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

பிறகு எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. ஜமாலுக்கு இங்கிலீஷ் ஐஸ் பிளாண்ட் அளவுக்குத்தான் தெரியும். அவர் முகங்களைப் படித்தார். மிஸ்பாவின் குரல் முதலில் தடுமாறியது. பிறகு ஐஸின் படம் வந்தது, பூமியின் படம் வந்தது. ‘நம்ம பலாப்பழம்!’ என்று தங்கமுத்து உரக்கச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மிஸ்பா அதைக் கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவள் குரல் நிமிர்ந்துவிட்டது. புள்ளிகளாக ஒரு படம் காட்டினாள். ஒரு பக்கம் புள்ளிகள் கோட்டின் மேலேயே நின்றன, மறுபக்கம் சரிந்து பாதிக்கு வந்தன. மேலேயிருந்து வந்ததும் கீழேயிருந்து வந்ததும் என்று ஜமாலுக்குப் புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் பக்கத்தில் இருந்தவருக்கும் விளக்க ஆரம்பித்தார். ஜன்னத் பீவி தூரத்திலிருந்தே முறைத்தாள்.

ரகுநாத் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்றைக் கேட்டார். அதில் ‘ஹாஃப்’ என்கிற வார்த்தை ரெண்டு தடவை வந்தது. பாதியா, கூடவா, கொறச்சலா. அந்தக் கேள்விதான்.

மிஸ்பா நிமிர்ந்து, “வி டோன்ட் நோ யெட், சார்” என்றாள்.

அது ஜமாலுக்கே புரிகிற இங்கிலீஷ். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது மகள் பேசிக்கொண்டே இருந்தாள், குரலில் நடுக்கமே இல்லை. திரையில் அகலமாக ஒரு வளையம். அதற்குள் சின்னதாக, இறுக்கமாக இன்னொரு வளையம். பெரியது முன்னால் இருந்தவர்கள் போட்டது என்றும் சின்னது அவள் போட்டது என்றும் விரலை வைத்துக் காட்டிய விதத்திலேயே தெரிந்தது. ரகுநாத் முன்னால் குனிந்து அந்தச் சின்ன வளையத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். அது நல்ல ஆட்டமா கெட்ட ஆட்டமா என்று ஜமாலுக்கு விளங்கவில்லை.

“இப்ப பொதுமக்கள் கேக்கலாம்” என்றார் ரகுநாத் திடீரென்று, தமிழில். கூடம் திடுக்கிட்டது. “நான் மன்னார்குடிக்காரன்தாங்க. இத்தனை வருஷத்துல எவ்வளவோ தேர்வு நடத்தியிருக்கேன், பொதுமக்கள்னு யாரும் வந்து நான் பாத்ததில்ல. கேளுங்க.”

தங்கமுத்து முழங்கையால் இடித்தார். ஜமால் எழுந்தார். கூட்டம் கூட்டுவதில்தான் புலி, கூட்டத்தில் பேசுவதென்றால் அவருக்கு நாக்கு உலர்ந்துவிடும். ஆனால் ஒரு கேள்வி நேற்றிலிருந்து அவருக்குள் கிடந்தது. திரையின் ஓரத்தில் மூன்று பேருக்கு நடுவில் ரிஃபாயின் நரைத்த தாடி தெரிந்தது.

“அம்மா மிஸ்பா,” என்றார். “தூரம் வந்ததால மாறிப்போச்சுன்னு சொன்னியே. மாறினது மாறினதுதானா? மறுபடி அது பழையபடி ஆகவே ஆகாதா?”

மிஸ்பா அப்பாவைப் பார்த்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தையும் பார்த்தாள்.

“ஆகும் அத்தா,” என்றாள் மெதுவாக. “வழியில மாறும். இன்னும் தூரம் போனா, மியூவானாவே திரும்ப வந்துரும். மறுபடி மாறும், மறுபடி வரும். அது முன்னாடி என்னவா இருந்துச்சோ அது எங்கயும் போகல, உள்ளயேதான் இருக்கு.”

“சரியாச் சொன்னாங்க,” என்றார் ரகுநாத். “இது வழியில அழிஞ்சுபோகலைங்கிறதுக்கு அதாங்க சாட்சி. அழிஞ்சிருந்தா திரும்பி வராது.”

குவைத்தில் ரிஃபாய் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அண்ணே, ரூமுல ஏசி சரியில்லண்ணே, வேர்க்குது” என்றான். பக்கத்தில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். ஜமாலுக்கும் வேர்த்தது. சுற்றிலும் ஐஸ் இருந்தும் வேர்த்தது.

பேராசிரியர்கள் தனியே பேசிவிட்டு வர ஒதுங்கினார்கள். திரை வெறுமையாக இருந்தது. கூடத்தில் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. தங்கமுத்து கண்ணை மூடி அவருடைய குலதெய்வத்தைக் கூப்பிட்டார். திரையில் முகங்கள் திரும்பி வந்தன. சொர்ணவல்லி அம்மா வாயெல்லாம் பல்லாக இருந்தார்.

“கங்கிராஜுலேஷன்ஸ், டாக்டர் மிஸ்பா” என்றார் ரகுநாத்.

பெண்கள் பக்கத்திலிருந்து குலவை கிளம்பியது பாருங்கள்! ரகுநாத் நாற்காலியோடு பின்னால் போனார். குவைத்தில் குதித்தார்கள், சிங்கப்பூரில் மேல்வீட்டுக்காரன் கதவைத் தட்டினானாம். ஜன்னத் பீவி குழந்தையை அப்படியே மகள் கையில் கொடுத்துவிட்டு, மேஜையில் தலையைச் சாய்த்து அழுதாள். ஜமால் முகமது மைக்கைப் பிடித்து ஏதோ சொல்லப் போனவர் அதைக் கீழே வைத்துவிட்டு, மகள் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அந்தக் கடற்கரையில் அவரைவிடச் சந்தோஷமான ஆள் யாரும் இல்லை.

“சார், சாப்புட்டுப் போகலாமே?” என்று திரையைப் பார்த்துக் கேட்டார் கடைசியில். பாம்பேயில் ஏர்போர்ட்டுக்கு ஓடவேண்டிய மனுஷனைத்தான். ரகுநாத் ஒரு நிமிஷம் நின்று, பின்கட்டிலிருந்து வந்து இறங்கிக்கொண்டிருந்த சஹன்களைத் திரையில் ஆசையாகப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

லுஹர் தொழுகை முடிந்து நாலு நாலு பேராக உட்கார்ந்தார்கள். ஜமால் சஹனில் அவர், மருமகன் அஸ்வர், தங்கமுத்து, ஜமாஅத்துத் தலைவர். தலைவர் முதல் கவளத்தை முழுங்கிவிட்டு, நேற்றிலிருந்து ஜமால் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

“எல்லாம் சரி ஜமாலு. ஒம்மக கண்டுபுடிச்சது என்னன்னு எனக்கு ஒரு வார்த்தையில சொல்லு.”

பக்கத்துச் சஹன்களில் கைகள் நின்றன. படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அஸ்வர் உதவிக்கு வாயைத் திறந்தான். ஜமால் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

“அந்தக் கலவை சரிபாதியா, கூடவா, கொறச்சலான்னு ஒலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது,” என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி. “தெரியாததை யாரு வேணா தெரியும்னு சொல்லிட்டுப் போயிரலாம். எம்மக அவ்வளவு பெரிய மனுஷன் முன்னாடி, நம்ம எல்லாரு முன்னாடியும், தெரியலைன்னு சொன்னா. சொல்லிட்டு, இந்தா இதுக்குள்ளதான் இருக்குன்னு வளையத்தைச் சுருக்கியும் காட்டிட்டா. அது என்னன்னு தெரியுற அன்னைக்கு நான் மறுபடி பத்திரிகை அடிப்பேன். இப்பவே சொல்லிட்டேன், எல்லாரும் குடும்பத்தோட வந்துரணும்!”

கூடம் வெடித்துச் சிரித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து, குழந்தையை ஒரு கையில் அணைத்து மறு கையால் சஹனில் பிசைந்துகொண்டிருந்த டாக்டர் மிஸ்பா திரும்பிக் கத்தினாள்:

“கார்டு அடிங்க அத்தா! லிங்க்கை மட்டும் போட்றாதீங்க!”